கியோட்டோ, தைபே, சியோல்: படிக்கப் போகிறவர் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

ஆசியாவுக்குள்ளேயே மேற்படிப்புக்குச் செல்ல நினைக்கும் மாணவர்களில் பலர், துறையையும் பேராசிரியரையும் உதவித்தொகையையும் வைத்துத் தேடித் தேடி, கடைசியில் இரண்டு மூன்று அனுமதிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். படிப்பின் தரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, எந்த ஊரில் இரண்டு ஆண்டுகள் வாழ்வது என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் படங்களைத்தான் பார்க்கிறார்கள். கியோட்டோவின் சிவப்புத் தோரண வாயில்களும், தைபேயின் 508 மீட்டர் உயரக் கோபுரமும், சியோலின் அரண்மனை முற்றங்களும் ஒன்றையொன்று மிஞ்சுவதாகத் தோன்றுவதால், குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

மாணவர் ஊரைப் பார்ப்பதும் சுற்றுலாப் பயணி ஊரைப் பார்ப்பதும் அடிப்படையிலேயே வேறு. பயணிக்கு ஐந்தாறு முழு நாள்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கென்றே சேர்த்துவைத்த பணமும் இருக்கிறது. மாணவருக்கோ முழு நாள்கள் அரிது. ஆனால் அரை நாள்கள் ஏராளம். வியாழக்கிழமை வகுப்பு இரண்டு மணிக்கு முடிந்து, மாலை ஆறு மணிக்குப் பகுதிநேர வேலை தொடங்குகிறது என்றால், நடுவிலுள்ள அந்த நான்கு மணி நேரத்தில், பையிலிருக்கும் சொற்பப் பணத்தில், எங்கே போய்த் திரும்ப முடியும் என்பதுதான் உண்மையான அளவுகோல். இந்த மூன்று ஊர்களையும் அந்த அளவுகோலைக் கொண்டே இங்கே ஒப்பிடுகிறேன். கல்விக் கட்டணத்தையும் உதவித்தொகையையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபவை, அனுமதிக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருப்பவை.

சிங்கப்பூரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் அந்த நாட்டில் நம் மாணவர் எளிதில் பொருந்திப்போவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே சென்று வாழ்வதற்குப் புதிய மொழியோ புதிய எழுத்தோ தேவைப்படுவதில்லை என்பதாலேயே, அந்தத் தேர்வு வேறு வகையானது. இங்கே பேசப்படும் மூன்று ஊர்களிலும் முதல் நாளே பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாதவராகத்தான் இறங்குவோம்.

அறையும் அதன் முன்பணமும்

முதலில் அறையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனெனில் அறைக்கும் வகுப்புக்கும் இடையிலுள்ள தூரமே அந்த அரை நாளை விழுங்கவோ மிச்சப்படுத்தவோ செய்கிறது.

கியோட்டோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழக விடுதிகள் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோதான் இடம் தருகின்றன. அதன்பின் வெளியே அறை எடுக்க வேண்டும். அப்போது ‘ஷிகிகின்’ எனப்படும் பிணைத்தொகை, வீட்டுக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துத் திரும்பப் பெற முடியாத ‘ரெய்கின்’, தரகர் கட்டணம், நமக்காகப் பொறுப்பேற்கும் நிறுவனத்துக்கான கட்டணம், முதல் மாத வாடகை என எல்லாம் சேர்ந்து நாலைந்து மாத வாடகைக்கு ஈடான தொகை ஒரே நேரத்தில் கையைவிட்டுப் போகக்கூடும். எல்லா வீட்டுக்காரர்களும் ரெய்கின் கேட்பதில்லை. ரெய்கின் இல்லாத அறைகளை மட்டும் காட்டும்படி தரகரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த முதல் அடியைத் தாங்கிவிட்டால், பிறகு கியோட்டோ மாணவருக்கு மிகவும் இணக்கமான ஊர். ஊரின் நடுப்பகுதி சமதளமாகவும் தெருக்கள் கட்டம் கட்டமாகவும் இருப்பதால், வடகிழக்கிலுள்ள சாக்யோ பகுதியில் ஓர் அறையும் பழைய சைக்கிள் ஒன்றும் இருந்தால் பேருந்துச் செலவு என்பதே ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

சியோலில் சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே மாத வாடகை அறைக்கும் ‘போஜுங்கும்’ என்ற பெரிய முன்பணம் கட்ட வேண்டும். மாணவர் எடுக்கும் சிறிய ஒற்றை அறைக்குக்கூட அது 50 லட்சம், ஒரு கோடி வோன் என்ற அளவில் இருப்பது வழக்கம். காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றாலும், கிளம்பும்போதே அதைத் திரட்டியாக வேண்டும். திரட்ட முடியாதவர்கள் ‘கோஷிவோன்’ எனும் மிகச் சிறிய அறைகளுக்குப் போகிறார்கள். முன்பணம் பெரிதாக இல்லை. சோறும், கிம்ச்சி எனும் புளிக்கவைத்த காய்கறியும் பொதுச் சமையலறையில் இலவசமாக வைக்கப்பட்டிருக்கும். ஆனால் கட்டிலும் மேசையும் போட்டபின் நடக்க இடம் இருக்காது. சன்னல் உள்ள அறைக்குத் தனி விலை. சில மாதங்களுக்கு அது போதும். இரண்டு ஆண்டுக் குளிர்காலத்தை அதற்குள் கழிப்பது மனத்தைச் சோர்வடையச் செய்துவிடும் என்றே நினைக்கிறேன். ஆகவே சியோலைப் பொறுத்தவரை என் கருத்து நேரடியானது: பல்கலைக்கழக விடுதியில் இடம் உறுதியானால் மட்டுமே அந்த ஊரை மற்ற இரண்டுக்கும் சமமாக வைத்து எண்ண வேண்டும்.

தைபேயில் முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. குளியலறை பொதுவாக இருக்கும் அறையை ‘யாஃபாங்’ என்றும், தனிக் குளியலறை கொண்டதை ‘தாவோஃபாங்’ என்றும் சொல்வார்கள். விளம்பரங்களில் இந்த இரண்டு சொற்களைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கியிருப்பதால் பல அறைகளில் சமையலுக்கு இடமே கிடையாது; மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் தனியாக யூனிட் கணக்கில் வாங்குவார், கோடையில் குளிர்சாதனத்தை ஓடவிடும்போது அது நன்றாகவே உறைக்கும். மாடியின் மேல் தகரம் போட்டுக் கட்டிய கூடுதல் அறைகளை வாடகை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம். ஜூலை மாதத்தில் அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது.

ஊரோடு பழகுவது எங்கே தொடங்குகிறது என்பதற்கு, அந்தத் தைபே அறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். அங்கே பல தெருக்களில் குப்பைத் தொட்டி கிடையாது. மாலையில் குறித்த நேரத்தில் பியானோ இசையை ஒலிக்கவிட்டபடி மஞ்சள் நிறக் குப்பை வண்டி வரும்; அது நிற்கும் முனையில் அதற்கு முன்பே பத்திருபது பேர் பைகளோடு காத்திருப்பார்கள். மீதக் குப்பையை நகராட்சியின் முத்திரையிட்ட, விலை கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும். பின்னாலேயே வரும் இன்னொரு வண்டியில் மறுசுழற்சிப் பொருள்களைக் கொடுக்க வேண்டும். உணவுக் கழிவில் பச்சையானதையும் சமைத்ததையும் தனித்தனி வாளியில் கொட்டுவது வழக்கம். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வராது. தவறான வாளியில் கொட்டப் போகும் புதிய மாணவரின் கையைப் பிடித்துச் சரியான வாளியைக் காட்டும் பாட்டி ஒருவர் அநேகமாக ஒவ்வொரு முனையிலும் இருப்பார். சீன மொழியில் முதல் உரையாடல் பலருக்கு வகுப்பில் நடப்பதில்லை, அந்த முனையில்தான் நடக்கிறது.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவருக்கு மூன்று ஊரும் ஒன்றுதான். இந்தப் பகுதியை அவர் தாண்டிச் சென்றுவிடலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கோ, இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்த்துவிடக்கூடும்.

தைபே இதில் மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்தள்ளிவிடுகிறது. பௌத்தத்தின் செல்வாக்கால் சைவ உணவு அங்கே பழைமையான வழக்கம். சைவ உணவகங்களின் பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திக வடிவம் போட்டிருப்பதைத் தெருமுனையிலிருந்தே கண்டுகொள்ளலாம். வேண்டிய காய்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு எடைக்குக் காசு கொடுக்கும் சைவச் சாப்பாட்டுக் கடைகள் பல்கலைக்கழகங்களைச் சுற்றி நிறைய உண்டு. கடைகளில் விற்கும் பொட்டலங்களில்கூட, முழுச் சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது என்று அரசு விதிப்படி பிரித்து அச்சிட்டிருப்பார்கள். பூண்டும் வெங்காயமும் இல்லாமல் சாப்பிடும் வழக்கமுள்ளவர், வெளிநாட்டில் இவ்வளவு வசதியை வேறெங்கும் காண்பது கடினம். சமையலறை இல்லாத அறை என்ற குறையை இது பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. இரவுச் சந்தைகளை மட்டும் நம்பக் கூடாது. அங்கே காய்கறி வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கலாம்.

கியோட்டோவில் மடாலயங்களின் ‘ஷோஜின்’ உணவு புகழ்பெற்றது, ஆனால் அதன் விலை மாணவருக்கானதன்று. அன்றாடக் கடைகளில் சைவமாகத் தோன்றும் பொருள்களில்தான் சிக்கல்: மிசோ சாறு, உடோன் குழம்பு, கீரைக் கூட்டு என எதை எடுத்தாலும் அடியில் ‘தாஷி’ இருக்கும், அந்தத் தாஷி பெரும்பாலும் காய்ந்த மீனிலிருந்து எடுத்தது. பல்கலைக்கழகக் கூட்டுறவு உணவகங்கள் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சேர்மானங்களைக் குறித்திருப்பது பெரிய உதவி. கியோட்டோ மாணவர் அறைகளில் ஒற்றை அடுப்பாவது இருக்கும் என்பதால், சோற்றுக்குக்கரும் அந்த அடுப்புமாகச் சமைத்துக்கொள்வதே நடைமுறை வழி. அந்த ஊரின் டோஃபு மிகச் சிறந்தது. சமைக்கத் தெரிந்தவர் அங்கே நன்றாகவே சாப்பிடுவார்.

சியோலில் கிம்ச்சியிலேயே மீன் சாறோ இறால் உப்போ சேர்ந்திருக்கும். காய்கறிகளைக் கலந்த பிபிம்பாப்பை இறைச்சி வேண்டாம் என்று சொல்லி வாங்கலாம்; ஆனால் எப்போதும் அதையே சாப்பிட முடியாது. விடுதியில் சமைக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் பல விடுதிகளில் அனுமதிப்பதில்லை.

அரை நாளில் எட்டும் இடங்கள்

கியோட்டோ 794 முதல் 1868 வரை ஜப்பானின் தலைநகராக இருந்தது; அதன் பழைமைச் சின்னங்களில் 17 இடங்கள், அருகிலுள்ள ஊஜி, ஓத்சு ஆகியவற்றையும் சேர்த்து, 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இந்தப் பெருமையைப் பயணிகள் எல்லோரும் அறிவார்கள். மாணவர் அறிந்துகொள்ள வேண்டியது வேறு. புகழ்பெற்ற கோயில்கள் பலவற்றுக்கு 500 யென், அதற்கு மேல் என்று நுழைவுக் கட்டணம் உண்டு, வாரா வாரம் கட்டினால் அது பெருஞ்செலவு; அதே சமயம் ஃபுஷிமி இனாரி ஆலயத்தின் தோரண வாயில் பாதைக்குக் கட்டணமே கிடையாது, இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும். பகல் பதினொரு மணிக்கு அங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்கும் பயணிக்கும், காலை ஆறு மணிக்கோ இரவு எட்டு மணிக்கோ மலைமேல் ஏறும் மாணவருக்கும் கிடைப்பது ஒரே இடம் என்று சொல்லவே முடியாது. பேரரசர் அரண்மனையையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்கள் தேசிய அருங்காட்சியகத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. அவற்றின் மாணவர் அட்டையைக் காட்டினால் நிரந்தரக் காட்சிக்கூடத்துக்குக் காசில்லை.

ஊரில் குடியிருப்பவருக்கு மட்டுமே பொருந்திவரும் இன்னொரு வளம், நாள்காட்டியோடு சேர்ந்து வரும் சந்தைகள். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே உள்ள சியோன்-ஜி கோயில் வளாகத்தில் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி கைவினைச் சந்தை கூடும். 21-ஆம் தேதி தோ-ஜி கோயிலிலும், 25-ஆம் தேதி கிதானோ தென்மங்கூ ஆலயத்திலும் பழம்பொருள் சந்தை கூடும். பழைய கிமோனோத் துணியும் விரிசல் விழுந்த தேநீர்க் கோப்பைகளும் அங்கே சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். தேதி ஒத்துப்போகும்படி பயணி திட்டமிட்டு வருவது அரிது, மாணவரோ வகுப்புக்குப் போகும் வழியில் நுழைந்துவிடுவார். மே 15 அஓய் விழா, ஜூலை முழுவதும் கியோன் விழா, ஆகஸ்டு 16 இரவு மலைகளில் தீ மூட்டும் சடங்கு, அக்டோபர் 22 ஜிதாய் விழா என்று ஆண்டு முழுவதும் கால ஓட்டத்தை ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்.

தகாநோ ஆறும் காமோ ஆறும் சேரும் தெமாச்சியானகி முனையைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீண்டு கூராகும் புல்வெளியின் இரு பக்கமும் நீரில் படிக்கற்கள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. சில சதுரமானவை, சில ஆமை வடிவில், சில பறவை வடிவில். மழை பெய்த மறுநாள் நீர் கற்களின் விளிம்பைத் தொட்டு ஓடும்போது, பள்ளிப் பிள்ளைகள் ஆமைக்கு ஆமை தாவிச் செல்வார்கள். முதுகில் இசைக்கருவிப் பெட்டியைச் சுமந்த கல்லூரி மாணவர் எதிரே வருகிறவருக்காக ஒரு கல்லில் காத்து நிற்பார். கரையில் ரொட்டியைக் கையில் வைத்திருப்பவர் மேலே வட்டமிடும் பருந்தைக் கவனித்துக்கொண்டே சாப்பிட வேண்டும், ஏமாந்தால் பறித்துக்கொண்டு போய்விடும். பல்கலைக்கழகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், கட்டணமில்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் போகக்கூடிய இத்தகைய ஓர் இடத்தின் மதிப்பு, பொன் வேய்ந்த கோயிலின் மதிப்பைவிடக் குறைந்ததன்று.

கூட்டம்தான் கியோட்டோவின் குறை. வசந்தத்தில் செர்ரி பூக்கும் நாள்களிலும் நவம்பர் இறுதியில் இலைகள் சிவக்கும்போதும் நகரப் பேருந்துகளில் ஏற முடியாது. நெரிசலைக் குறைப்பதற்காகவே பேருந்துக்கான ஒரு நாள் சீட்டை நகராட்சி 2023-இல் விற்பனையிலிருந்து நிறுத்தி, மெட்ரோவையும் சேர்த்த 1,100 யென் சீட்டை மட்டும் வைத்திருக்கிறது. ஒற்றைப் பயணத்துக்குச் சீரான கட்டணம் 230 யென். சைக்கிளின் அருமை இந்த மாதங்களில்தான் விளங்கும். ஆனால் கண்ட இடத்தில் நிறுத்தினால் நகராட்சி ஆட்கள் தூக்கிப் போய்விடுவார்கள், மீட்கப் பணம் கட்ட வேண்டும்.

தைபேயில் நிலைமை நேர்மாறு: ஊருக்குள்ளே பழஞ்சின்னங்கள் குறைவு, ஊரைச் சுற்றி இயற்கை நெருக்கமாக இருக்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய டிபாஸ் என்ற மாதச் சீட்டை 1,200 தைவான் டாலருக்கு வாங்கினால், தைபே, புதிய தைபே, கீலுங், தாவோயுவான் ஆகிய நான்கு நிர்வாகப் பகுதிகளுக்குள் மெட்ரோ, நகரப் பேருந்து, சாதாரண ரயில் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். யூபைக் எனும் பொது வாடகைச் சைக்கிளின் முதல் அரை மணி நேரமும் அதில் அடங்கும். வகுப்புக்குப் போய்வரும் செலவுக்காக வாங்கும் சீட்டே ஊர் பார்ப்பதற்கான சீட்டாகவும் ஆகிவிடுவதுதான் இதன் சிறப்பு. அதே சீட்டில் எரிமலையால் உருவான யாங்மிங்ஷான் தேசியப் பூங்காவுக்குப் பேருந்தில் போய், 1,120 மீட்டர் உயரமான சிஷிங் மலையில் கந்தகப் புகை கசியும் பாறைகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். மெட்ரோவிலேயே பெய்டோ வெந்நீர் ஊற்றுக்கும் தான்ஷூய் கடற்கழிக்கும் போகலாம்; ரூய்ஃபாங்கில் ரயில் மாறிப் பிங்சி கிளைப்பாதையில் அருவிகளும் பழைய நிலக்கரிச் சுரங்கங்களும் உள்ள கிராமங்களுக்குப் போகலாம். மெட்ரோவுக்குள் தண்ணீர் குடித்தால்கூட 1,500 தைவான் டாலரிலிருந்து அபராதம் தொடங்கும் என்பதை மட்டும் முதல் நாளே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொலைதூரப் பயணத்திலும் தைவான் மாணவர் பக்கம் நிற்கிறது. மேற்குக் கரை முழுவதும் ஓடும் அதிவேக ரயிலில், அங்குள்ள கல்லூரி மாணவர்களுக்குப் பாதி விலை வரை தள்ளுபடி கொடுக்கும் வண்டிகள் உண்டு; கூட்டம் குறைந்த நேரத்து வண்டிகளைத் தேடிப் பதிவு செய்தால், 1624-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய தைனானுக்குச் சென்று வாரக் கடைசியைக் கழித்துவரலாம். கிழக்குக் கரையின் தாரோகோ பள்ளத்தாக்கைக் கனவு கண்டு போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 2024 ஏப்ரல் 3-ஆம் தேதி ஹுவாலியன் நிலநடுக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் சாலைகளும் நடைபாதைகளும் கடுமையாகச் சேதமடைந்தன, சீரமைப்பு நீண்ட காலம் பிடிக்கும் வேலை. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

ஜப்பானில் பயணச்சீட்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வெளிநாட்டவருக்கான ஜப்பான் ரயில் பாஸ், குறுகிய காலப் பயணியாக வருகிறவருக்கு மட்டுமே. மாணவர் தகுதியில் வசிப்பவர் அதைப் பயன்படுத்த முடியாது. விடுமுறைக் காலங்களில் விற்கும் செய்ஷுன் 18 சீட்டு, வயது எதுவானாலும் யாரும் வாங்கக்கூடியது, அதிவேக ரயிலல்லாத சாதாரண வண்டிகளில் நாடு முழுவதும் செல்லலாம். ஆனால் 2024 குளிர்காலத்திலிருந்து அதைத் தொடர்ச்சியான 3 நாள்களுக்கோ 5 நாள்களுக்கோதான் பயன்படுத்த முடியும், நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவும் முடியாது. இவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தால், கியோட்டோ மாணவர் தொலைதூரம் அதிகம் செல்லமாட்டார். நாராவும் ஒசாகாவும் ஒரு மணி நேரத்துக்குள் இருப்பதால் அது பெரிய இழப்புமன்று.

சியோல், நகரத்துக்குள்ளேயே மலை ஏறலாம் என்ற அரிய வாய்ப்பைத் தருகிறது. 836 மீட்டர் உயர பேகுந்தே சிகரம் கொண்ட புகான்சான் தேசியப் பூங்காவுக்கு நகரப் பேருந்தே போகிறது. சியோல் தேசியப் பல்கலைக்கழக வளாகம் குவானக் மலையின் சரிவிலேயே அமைந்திருக்கிறது. ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளமான பழைய நகர மதிலைச் சில அரை நாள்களாகப் பிரித்து நடந்து முடிக்கலாம். கியோங்போக்குங் அரண்மனைக்கு 3,000 வோன்தான் கட்டணம், ஹன்போக் எனும் கொரிய மரபு உடை அணிந்து வந்தால் அதுவும் இல்லை, செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அரண்மனைகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், கொரியத் தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு எந்நாளும் கட்டணமில்லை. 2024 ஜனவரியில் வந்த மாதப் பயண அட்டை, சைக்கிள் இல்லாமல் 62,000 வோன், சைக்கிளோடு 65,000 வோன் என்று தொடங்கியது. அது அடிப்படையில் சியோல் நகரப் போக்குவரத்துக்கான அட்டை என்பதால், தைபேயின் சீட்டைப் போலச் சுற்றுவட்டாரம் முழுவதையும் திறந்துவிடாது.

வேலை, காப்பீடு, மொழி

பகுதிநேர வேலைக்கு ஜப்பானில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரையிலும், கல்லூரியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் வரையிலும் உழைக்கலாம். தைவானில் வேலை அனுமதி பெற்று வாரம் 20 மணி நேரம். கோடை, குளிர்கால விடுமுறைகளில் அந்த வரம்பு இல்லை. கொரியாவில் கொரிய மொழித் தேர்ச்சியைப் பொறுத்தே அனுமதிக்கும் நேரம் அமைகிறது, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வேண்டும். மொழி தெரியாமல் செல்கிறவர் முதல் ஆண்டில் இந்த வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது. எங்கே போனாலும் அனுமதித்த நேரத்தைத் தாண்டி வேலை செய்வதை வசிப்புரிமை புதுப்பிக்கும்போது கண்டுபிடித்துவிடுவார்கள். ஓரிரு மாதச் சம்பளத்துக்காகப் படிப்பையே இழப்பது சரியன்று.

மருத்துவக் காப்பீட்டில் மூன்று நாடுகளும் மாணவரைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கின்றன. ஜப்பானில் குடிபுகுந்த 14 நாள்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யும்போதே சேர்ந்துவிடலாம், சிகிச்சைச் செலவில் 30 விழுக்காடுதான் நம் பங்கு. கொரியாவில் 2021 மார்ச்சு முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கட்டாயம். தைவானில் ஆறு மாதம் வசித்த பிறகுதான் சேர முடியும், அதன்பின் மாதம் 826 தைவான் டாலர்; இடைப்பட்ட ஆறு மாதத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

மொழியில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. ஜப்பானியமும் கொரியமும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைப்பவை. வேற்றுமையைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுபவை. மனத்தில் தமிழில் எழும் வாக்கியத்தைப் புரட்டிப் போடாமல் அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். கொரிய எழுத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம் என்பதால் கடைப் பலகைகளும் பேருந்து நிறுத்தங்களும் விரைவில் வசப்படும். சீனத்தின் தொனிகளும் தைவானில் இன்றும் வழங்கும் மரபுச் சீன எழுத்துகளும் அதிக உழைப்பைக் கேட்பவை. ஆனாலும் தைபேயில் நிலையப் பெயர்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்திலும் இருப்பதாலும், கடைக்காரர்கள் பொறுமையோடு சைகையிலாவது விளக்குவதாலும், மொழி தெரியாத முதல் ஆறு மாதங்களைக் கடப்பது அங்கேதான் எளிது.

தட்பவெப்பம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சியோலில் ஜனவரியில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும், ஆனால் அறைகளில் தரைக்கடியில் சூடேற்றும் வசதி இருக்கும். கியோட்டோ சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருப்பதால் கோடைப் புழுக்கமும் குளிர்கால விறைப்பும் இரண்டுமே கடுமை, பழைய அறைகளில் குளிர் சுவர் வழியாகவே வரும். தைபேயில் குளிர்காலம் வாரக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும், துணி காயாது.

எவருக்கு எது

இவ்வளவையும் எடைபோட்டால், வரையறுத்த பணத்தோடு முதல்முறையாக வெளிநாடு செல்லும் மாணவருக்கு, அதிலும் சைவ உணவுக்காரருக்கு, தைபேயைத்தான் தயங்காமல் சொல்வேன். முன்பணம் குறைவு, சாப்பாட்டுக் கவலை இல்லை, ஒரே மாதச் சீட்டில் மலையும் கடலும் வசப்படுகின்றன. வரலாறு, கட்டடக்கலை, பௌத்தம், தோட்டக்கலை, கைவினை ஆகியவற்றில் எதையாவது படிப்பாகவோ ஆழ்ந்த விருப்பமாகவோ கொண்டவர், முதல் அறைக்கான தொகையைத் திரட்ட முடியுமானால், கியோட்டோவுக்கே போக வேண்டும். அங்கே தெருவும் பாடமாக இருக்கும், மற்ற இரண்டு ஊர்களிலும் அது கிடைக்காது. கொரிய மொழியை ஏற்கெனவே ஓரளவு கற்றவருக்கும், பொறியியல் ஆய்வகத்தில் நாளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேற விரும்புகிறவருக்கும், விடுதி உறுதியாகியிருந்தால் சியோல் பொருந்தும்.

கியோட்டோவுக்கும் தைபேக்கும் நடுவே இன்னும் தயங்குகிறவர், இரண்டு பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகங்களுக்கும் இரண்டே கேள்விகளை எழுதிக் கேட்கலாம்: எத்தனை மாதங்களுக்கு விடுதி தருவீர்கள், விடுதியிலோ அறையிலோ சமைக்க முடியுமா. கியோட்டோவிலிருந்து ஓராண்டு விடுதி என்று பதில் வந்தால் தராசு அந்தப் பக்கம் சாயலாம், ஏனெனில் முதல் ஓராண்டில் பெரிய தொகையைக் கட்டாமல் ஊரையும் மொழியையும் பழகி, பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தோடு அறை தேடத் தொடங்க முடியும். ஆறு மாதம்தான் என்று வந்தால், அந்தத் தேடல் முதல் பருவத்தின் தேர்வுகளோடு மோதும். அந்த நிலையில் தைபேயின் கடிதத்துக்குச் சம்மதம் எழுதிவிடுவதே நல்லது.